கிளைவழி கண்ட வரலாறு

பயணம் என்றதும் புறப்படும் ஊரும் போய்ச் சேரும் ஊருமே நம் நினைவுக்கு வருகின்றன. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலம் விரைவில் கடந்து தீர வேண்டிய தொலைவாகவே நமக்குத் தோன்றுகிறது. தில்லி போன்ற வடநகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு இம்மனப்பாங்கு சற்று மிகுதி என்றே சொல்லலாம். கோடை விடுமுறை தொடங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படுகிறோம். சம்பலும் பேத்வாவும் நருமதையும் கோதாவரியும் கிருஷ்ணையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னே செல்கின்றன. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்நெடுவழியில் நாம் எங்கும் இறங்குவதில்லை. ஏறெடுத்துப் பார்ப்பதும் அரிது. நம் பிள்ளைகள் இரண்டு ஊர்களை அறிவர். பிறந்து வளரும் ஊர் ஒன்று. பாட்டனார் ஊர் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு பெருநாடு கிடக்கிறது என்பதை அவர்கள் பாடநூலில் மட்டுமே படிக்கிறார்கள்.

ஆயின், இந்நாட்டின் பழஞ்செல்வங்கள் சில, வகுத்த வழியே சென்றவர்க்கு வெளிப்படவில்லை. திட்டமின்றி வழி விலகியவர்க்கே வெளிப்பட்டன. அத்தகைய நிகழ்ச்சிகள் நான்கினை ஈண்டு நோக்குவோம். அவற்றை நோக்குங்கால் மற்றோர் உண்மையும் புலனாகும். வழி விலகிச் சென்றவர் பெயரை வரலாறு எழுதி வைத்தது; விலகிச் செல்லுமாறு சொன்னவர் பெயரை அது எழுதவே இல்லை.

பண்டைத் தமிழர் வழி சொல்பவனைப் போற்றினர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனைக் கண்டு, ‘இன்ன வழியே செல்க, இன்ன மலையைக் கடக்க, இன்ன ஊரார் இன்ன உணவு தந்து ஓம்புவர்’ என்று எடுத்துரைப்பதே பெரும்பாலும் அவ்விலக்கியத்தின் அமைப்பு. வழி சொல்பவனின் குரலாகவே பாட்டு முழுவதும் ஒலிக்கும். அக்குரலைக் காது கொடுத்துக் கேட்டவர் கண்டது என்ன, கேளாதவர் இழந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வேட்டைக்கு வந்தவர் கண்ட குகை

1819-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள். சென்னை மாகாணப் படையைச் சேர்ந்த ஜான் ஸ்மித் என்னும் ஆங்கில அதிகாரி, தக்காணத்தில் அஜந்தா என்னும் ஊருக்கு அருகே புலிவேட்டை ஆடிக்கொண்டிருந்தார். வாகோரா என்னும் சிற்றாறு குதிரை லாடம் போல வளைந்து பாயும் மலைப்பள்ளம் அது. எதிர்க் கரைப் பாறையில் கொடியும் புதரும் மூடிய ஒரு வளைவு அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் அவ்விடத்தைக் காட்டினான் என்பது அங்கு வழங்கும் செய்தி. வேட்டையை மறந்து அவர் உள்ளே புகுந்தார். அவர் புகுந்தது இன்று பத்தாம் குகை என்று எண்ணிடப்பட்டிருக்கும் பௌத்தச் சைத்தியம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் தொடங்கிக் குடையப்பட்ட குகைகளுள் அதுவும் ஒன்று. அந்தப் பள்ளத்தைச் சூழ்ந்து ஏறத்தாழ 30 குடைவரைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில், வாகாடக மன்னர் காலத்தில் உருவாயின.

இதனை ‘அஜந்தாவின் கண்டுபிடிப்பு’ என்று நூல்கள் கூறுகின்றன. யார் கண்ணுக்கு அது மறைந்திருந்தது? குகைகளுக்கு அருகே லேணாப்பூர் என்று ஒரு சிற்றூர் உண்டு. ‘லேண’ என்பது பிராகிருதத்தில் குகையைக் குறிக்கும் சொல். குகையூர் என்று தம் ஊருக்குப் பெயரிட்டு வாழ்ந்த மக்கள் குகைகளை அறியாமல் இருந்தார்கள் என்று எவரும் சொல்ல இயலாது. ஊரார் அறிந்திருந்ததை உலகம் அறியாதிருந்தது, அவ்வளவே.

சென்னைப் படைக்கும் அஜந்தாவுக்கும் உள்ள தொடர்பு அத்துடன் முடியவில்லை. அப்படையைச் சேர்ந்த இராபர்ட் கில் என்பார் 1844-இல் அங்குள்ள ஓவியங்களைப் படியெடுக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். பல்லாண்டு உழைத்து அவர் வரைந்த பெரும்படங்கள் இலண்டன் மாநகரின் படிக மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. 1866-இல் நிகழ்ந்த தீவிபத்தில் அவற்றுள் பெரும்பாலானவை சாம்பராயின. கில் தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியையும் அப்பகுதியிலேயே கழித்து, 1879-இல் மறைந்தார். புசாவல் நகரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பணிக்காக வந்த ஊர் ஒருவருக்கு வாழ்வின் ஊராகவே ஆகிவிடுவது நமக்குப் புதிய செய்தி அன்று.

சிவிகை சுமந்தோர் சொன்ன சொல்

இரண்டாம் நிகழ்ச்சி நடந்தது 1838-இல். வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் டி. எஸ். பர்ட் என்பவர் புந்தேல்கண்டு வழியாகச் சென்றுகொண்டிருந்தார். அக்காலத்தில் இருப்புப்பாதை இல்லை. சிவிகையே ஊர்தி. குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை சிவிகை சுமப்போர் மாறுவர். இரவிலும் தீவட்டி ஒளியில் பயணம் தொடரும். சுமப்போர் அந்தந்த வட்டாரத்து மக்கள் ஆதலால், வழியின் இருபுறமும் உள்ளவை அனைத்தும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுள் ஒருவர், வழியை விட்டுச் சிறிது விலகிச் சென்றால் வியத்தகு கோயில்களைக் காணலாம் என்று பர்ட்டிடம் கூறினார். பர்ட் அச்சொல்லுக்குச் செவி சாய்த்தார். கசூராஹோ கோயில்களை ஆங்கிலேயர் அறிந்தது இவ்வாறுதான்.

சந்தேல மரபினர் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் எழுப்பிய கோயில்கள் அவை. 85 கோயில்கள் இருந்தன என்பது மரபு வழிச் செய்தி. இன்று எஞ்சி நிற்பன இருபதுக்குச் சற்று மேற்பட்டவை. பர்ட் சென்றபோது காடு அவற்றைச் சூழ்ந்து வளர்ந்திருந்தது. அவர் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். கண்டதை 1839-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

இங்கும் அதே வினா எழுகிறது. இக்கோயில்கள் உண்மையில் மறைந்து கிடந்தனவா? சில ஆண்டுகளுக்குப் பின் அங்குச் சென்ற அலெக்சாண்டர் கன்னிங்காம், யோகியர் அக்கோயில்களில் வழிபடுவதையும், ஆண்டுதோறும் சிவராத்திரி நாளில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடுவதையும் குறித்தார். அங்குள்ள மதங்கேசுவரர் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. ஆயிரம் ஆண்டாக விளக்கெரியும் ஓர் ஊரைக் ‘கண்டுபிடித்தோம்’ என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? பர்ட்டின் பெருமை, கண்டுபிடித்ததில் இல்லை. சிவிகை சுமந்தவர் சொல்லை மதித்ததில் இருக்கிறது. தோளில் தம்மைச் சுமப்பவரிடமும் கேட்டறியத்தக்க செய்தி உண்டு என்று கருதிய அதிகாரிகள் அக்காலத்தில் பலர் இருந்திருக்க மாட்டார்கள்.

செந்தூரம் மறைத்த எழுத்து

மூன்றாவது நிகழ்ச்சி வேறு வகையினது. மேற்கூறிய கன்னிங்காமே அதில் இடம்பெறுகிறார். இந்தியத் தொல்லியல் துறையின் தந்தை என்று போற்றப்படும் அவர், கால்நடையாகவும் ஊர்திகளிலும் நாடெங்கும் சுற்றியவர். 1877-இல் விதிசைக்கு அருகே உள்ள பேஸ்நகரத்தில் ஒரு கல்தூணைக் கண்டார். ஊர் மக்கள் அதனைக் ‘காம் பாபா’ என்று அழைத்து வழிபட்டு வந்தனர். தூண் தந்தை என்பது அப்பெயரின் பொருள். தலைமுறை தலைமுறையாகப் பூசிய செந்தூரம் தூணின்மேல் தடித்துப் படிந்திருந்தது. தூணின் வடிவைக் கண்டு, அது குப்தர் காலத்தது என்று கன்னிங்காம் முடிவு செய்தார். செந்தூரத்தின் அடியில் எழுத்து இருக்கலாம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குறிப்பெழுதிக்கொண்டு தம் வழியே சென்றார்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1909-ஆம் ஆண்டளவில், செந்தூரப் படலம் நீக்கப்பட்டது. உள்ளே பிராமி எழுத்துகள் வெளிப்பட்டன. அத்தூண் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. தட்சசீலத்தில் வாழ்ந்தவனும், அந்தியால்கிதன் என்னும் கிரேக்க மன்னனின் தூதனுமாகிய ஹெலியோதோரஸ் என்பவன், பாகபத்திரன் என்னும் அரசனிடம் தூது வந்தபோது, வாசுதேவனுக்கு எடுப்பித்த கருடத்தூண் அது. கிரேக்கப் பெயருடைய ஒருவன் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து, வந்த மண்ணின் கடவுளை வணங்கித் தூண் நாட்டியிருக்கிறான். தன்னடக்கம், துறவு, விழிப்புடைமை ஆகிய மூன்றும் வானுலகுக்கு இட்டுச் செல்லும் படிகள் என்னும் கருத்தும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

கன்னிங்காம் வழி விலகி வந்தார், கண்முன்னே கண்டார், ஆயினும் முழுதும் காணவில்லை. வழி விலகினால் மட்டும் போதாது, நின்று நோக்கும் பொறுமையும் வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. மற்றொன்றையும் மறத்தலாகாது. எழுதப் படிக்க அறியாத எளிய மக்கள் அதனைத் தந்தை என்று அழைத்துப் பேணினர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு அத்தூண் நின்ற இடத்திலேயே நின்றதற்கு அவர்தம் பற்றும் ஒரு காரணம் எனலாம்.

இரயில் சாளரத்தில் தெரிந்த பாறைகள்

நான்காம் நிகழ்ச்சி நம் காலத்துக்கு நெருங்கியது. 1957-இல் வி. எஸ். வாகண்கர் என்னும் ஆய்வாளர் போபாலை நோக்கி இரயிலில் சென்றுகொண்டிருந்தார். சாளரத்தின் வழியே விந்திய மலைச்சாரலில் சில பாறைகள் தோன்றின. ஸ்பெயினிலும் பிரான்சிலும் தாம் கண்டிருந்த பாறைகளைப் போல அவை இருந்தன. பிறர் கண்ட காட்சியையே அவரும் கண்டார். ஆயின், அவர் அதனை மறந்துவிடவில்லை. பின்னர்க் குழுவினருடன் அங்குச் சென்று தேடினார். பீம்பேட்கா என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. 700-க்கும் மேற்பட்ட பாறைத் தங்கிடங்கள் அவ்வட்டாரத்தில் அறியப்பட்டுள்ளன; அவற்றுள் 400-க்கும் மேற்பட்டவற்றில் செந்நிறத்திலும் வெண்ணிறத்திலும் பிற நிறங்களிலும் ஓவியங்கள் உள்ளன. யானை, காட்டெருமை, மான், வேட்டையாடுவோர், கைகோத்து ஆடுவோர் என அவை பலவகை. 2003-இல் அவ்விடம் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்தையும் அங்குள்ளோர் முன்னரே அறிந்திருந்தனர். பீமன் அமர்ந்த இடம் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். 1888-இலேயே டபிள்யூ. கின்கெய்டு என்னும் ஆங்கில அதிகாரி, பழங்குடியினர் தந்த செய்தியைக் கொண்டு, அதனைப் பௌத்தச் சின்னம் என்று எழுதி வைத்தார். எழுதினாரே அன்றி, ஓவியங்களை உலகறியச் செய்தாரல்லர். ஏறத்தாழ 70 ஆண்டு அக்குறிப்பு ஏட்டளவிலேயே கிடந்தது. அம்மலையைச் சூழ்ந்துள்ள 21 சிற்றூர் மக்களின் வழக்கங்களுக்கும் பாறை ஓவியங்கள் காட்டும் வாழ்வுக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு என்பதும், அவ்விடம் உலக மரபுச் சின்னமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஒரு காரணம்.

வழி விலகியோர் செய்த தீங்கு

நிற்க. வழி விலகியவர் யாவரும் நன்மையே செய்தனர் என்று கருதிவிடலாகாது. அஜந்தாவைக் கண்ட ஜான் ஸ்மித், பத்தாம் குகையின் தூண் ஒன்றில், பழைய ஓவியத்தின் மீதே தம் பெயரையும் நாளையும் கீறி வைத்தார். அன்று குகையின் தரையில் மண்ணும் கல்லும் மேடிட்டிருந்தன. அம்மேட்டின் மீது நின்று அவர் கீறியதால், அப்பெயர் இன்று ஆள் உயரத்திற்கு மேலே காணப்படுகிறது. இன்றும் கோயில் மதிலிலும் கோட்டைச் சுவரிலும் தம் பெயரை எழுதி மகிழ்வோர் பலர். அவர்களுக்கு அவரே முன்னோடி.

சாஞ்சியில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1818-இல் டெய்லர் என்னும் படைத்தலைவர் அங்குள்ள தூபிகளைக் கண்டபோது அவை பெரும்பாலும் சிதையாமல் இருந்தன. 1822-இல் ஜான்சன் என்னும் அதிகாரி, உள்ளே புதையல் இருக்கும் என்று எண்ணிப் பெருந்தூபியின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பிளந்தார். புதையல் கிடைக்கவில்லை. பிளந்த பகுதி சரிந்து, மேற்கு வாயில் தோரணமும் வீழ்ந்தது. காடு மண்டிய அவ்விடத்தைச் செப்பனிட்டு இன்றுள்ள நிலைக்குக் கொண்டுவர, ஜான் மார்ஷல் 1912 முதல் 1919 வரை உழைக்க வேண்டியதாயிற்று. அயலார் மட்டுமே தீங்கு செய்தனர் என்றும் சொல்வதற்கில்லை. சாஞ்சியில் நின்ற அசோகன் தூணை, உள்ளூர் நிலக்கிழார் ஒருவர் கரும்பாலைக்கு உருளை செய்துகொள்ள உடைத்துவிட்டதாக மார்ஷல் குறித்துள்ளார். அருகில் வாழ்பவருக்கு அருமை தெரியாமலும் போகலாம். தொலைவிலிருந்து வருபவருக்குப் பேராசை உண்டாகவும் கூடும். காணும் கண்ணும் கேட்கும் செவியும் அடங்கிய கையும் ஒருங்கே அமைந்தவர்க்கே வழிவிலகல் பயன் தரும்.

நம் வழியில் கிடப்பவை

இனி, இவற்றால் நமக்கு ஆவது என்ன? மேலே கூறிய இடங்கள் எங்கோ கிடப்பவை அல்ல. தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை விதிசை வழியே செல்கிறது. அங்கிருந்து காம் பாபா தூண் மிக அருகில். விதிசைக்கு அடுத்துப் பத்துக் கிலோமீட்டரளவில் சாஞ்சி. பெருந்தூபியை வண்டியில் இருந்தே காணலாம். போபாலுக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில் பீம்பேட்கா. ஜான்சியில் இறங்கிக் கிழக்கே ஏறத்தாழ 175 கிலோமீட்டர் சென்றால் கசூராஹோ. தில்லியிலிருந்து மும்பைக்கு இட்டார்சி, புசாவல் வழியாகச் செல்வோர் ஜல்காவ் நகரில் இறங்கினால் அஜந்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவே. ஆண்டுதோறும் நாம் போகும் வழியிலும் அதன் ஓரத்திலும் இவை கிடக்கின்றன. இருபது, முப்பது ஆண்டுகளாக அவ்வழியே போய்வரும் குடும்பங்களுள் எத்தனை குடும்பங்கள் இவற்றுள் ஒன்றையேனும் கண்டிருக்கும்?

மோட்டார் வண்டியில் செல்வோர் இன்று பலர். நாற்கரச் சாலைகள் வந்துவிட்டன. கைப்பேசி பேசுகிறது, வலப்புறம் திரும்பு, இடப்புறம் திரும்பு என்று அது சொல்லும் வழி விரைவான வழி. நேரத்தை அது அறியும், நிலத்தை அறியாது. ‘அந்த ஆலமரத்துக்கு அப்பால் ஒரு பழங்கோயில் உண்டு, ஆற்றின் மறுகரையில் ஒரு படித்துறை உண்டு’ என்று சொல்லும் செய்தி, சாலையோரத் தேநீர்க் கடைக்காரரிடமும் ஆடு மேய்ப்பவரிடமும் இருக்கிறது. அவர்களோடு பேச நமக்கு மொழித்தடையும் இல்லை. வடநாட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இந்தியை அங்குள்ளார் போலவே பேசுவர். கடைத்தெருவில் பேரம் பேசவும் அலுவலகத்தில் காரியம் முடிக்கவும் பயன்படும் அம்மொழியை, வழியோரத்து மக்களின் அறிவைக் கேட்டறியவும் பயன்படுத்தலாம் அன்றோ?

நம்மை அயலார் என்று இந்நகரத்தார் எண்ணுகின்றனர் என்று சிலர் வருந்துவதுண்டு. ஊருக்குப் போனாலோ, அங்குள்ள உறவினர் நம்மை வடநாட்டார் என்று கேலி செய்கின்றனர். இரண்டு ஊருக்கும் முழு உரிமை இல்லாதவராய் நம் பிள்ளைகள் வளர்வரோ என்னும் கவலை பெற்றோர் பலருக்கு உண்டு. இக்கவலைக்கு இந்நெடுவழியே ஒரு மருந்து. இரண்டு முனைகளை மட்டும் அறிந்தவன் இரண்டிலும் விருந்தினன். இடையில் உள்ள நிலத்தை அறிந்தவனுக்கோ அவ்வழி முழுவதும் சொந்தம். தட்சசீலத்திலிருந்து வந்த ஹெலியோதோரஸ், தூது முடிந்ததும் வந்த வழியே திரும்பியிருக்கலாம். அவன் நின்றான், அறிந்தான், வணங்கினான். ஆகவேதான் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவன் பெயர் அம்மண்ணின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது.

ஆதலால், அடுத்த கோடைப் பயணத்தில் ஒரு நாளை வழிக்கென்று ஒதுக்குவோம். எங்கே இறங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாலும், அங்கிருந்து எங்கே செல்வது என்பதை அவ்வூர் மக்களிடம் கேட்டு முடிவு செய்வோம். பிள்ளைகளையே கேட்கச் சொல்வோம். கண்டதை அவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். வழி சொன்னவரின் பெயரையும் கேட்டு, அதனை முதலில் எழுதட்டும். சிவிகை சுமந்தவருக்கு வரலாறு செய்யத் தவறிய அம்மரியாதையை நம் வீட்டுக் குறிப்பேடாவது செய்யட்டும். வரும் ஆண்டுகளின் மலர்களில் அக்குறிப்புகள் கட்டுரைகளாக மலருமாயின், அவையே நாம் நம் காலத்துக்குப் பாடும் ஆற்றுப்படையாகும்.